ஈராசிரியர் பள்ளியின் தலைமை: தமிழ்நாட்டுத் தொடக்கப் பள்ளிகளிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

ஒன்று முதல் ஐந்து வரை வகுப்புகள், அறுபதுக்குள் பிள்ளைகள், இரண்டு ஆசிரியர்கள். தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி என்ற பெயர்ப்பலகையின் பின்னால் பல ஆயிரம் இடங்களில் இருப்பது இவ்வளவுதான். அந்த இருவரில் ஒருவர் தலைமையாசிரியர். அவருக்குத் தனி மேசை உண்டு. தனி நேரம் கிடையாது. இரண்டு அல்லது மூன்று வகுப்புகளை ஒரே அறையில் அமர்த்திப் பாடம் நடத்திக்கொண்டும், இடையில் அலைபேசியில் வரும் அலுவலகச் செய்திக்குப் பதில் அனுப்பிக்கொண்டும், சமையலறைப் பக்கம் ஒரு கண் வைத்துக்கொண்டும் அவர் ஒரு நிறுவனத்தை நடத்துகிறார். பள்ளித் தலைமை பற்றிய பயிற்சிக் கையேடுகள் எழுதப்படும்போது, எழுதுபவரின் மனத்தில் இருப்பது பெரும்பாலும் எழுத்தரும் உதவியாளரும் தனி அறையும் உள்ள மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர்தான்.

இப்படிப்பட்ட பள்ளிகளில் தொடக்க வகுப்புகளுக்குப் பாடம் நடத்தும் இடைநிலை ஆசிரியராகவும் பிறகு தலைமையாசிரியராகவும் இருந்து ஓய்வுபெற்றவள் நான். இந்த ஆய்வுக்கு எடுத்துக்கொண்டிருப்பது தனியொரு பள்ளியை அன்று, ஒரு பணியிடத்தை. ஏறத்தாழ 37,000 அரசுப் பள்ளிகளைக் கொண்ட ஒரு மாநிலத்தில், மிகக் கீழே இருக்கும் தலைமைப் பணியிடம் எப்படி உருவாக்கப்பட்டிருக்கிறது, அதில் இருப்பவர் எதைச் செய்ய முடிகிறது, எது கை நழுவிப் போகிறது என்பதே கேள்வி. வளரும் நாடுகளின் பள்ளித் தலைமையைப் பற்றிப் பேசுவோர் வழக்கமாகத் திறன் குறைபாட்டையே முதலில் சொல்கிறார்கள். என் அனுபவமும் நான் அறிந்த சான்றுகளும் வேறொன்றைக் காட்டுகின்றன. இங்கே பற்றாக்குறையாக இருப்பது நேரமும், நிலைத்து நிற்கும் ஆளும்தான். இவை இரண்டும் இல்லாத இடத்தில் எவ்வளவு பயிற்சி கொடுத்தாலும் அது பதிவேட்டில்தான் போய்ச் சேரும்.

சட்டத்தின் பார்வையில் தலைமையாசிரியர்

2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையை ஒருமுறை பொறுமையாகப் படித்தால் இந்தப் பணியிடத்தின் நிலை விளங்கிவிடும். ஒன்று முதல் ஐந்து வகுப்புகள் உள்ள பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள். 61 முதல் 90 வரை மூவர். 91 முதல் 120 வரை நால்வர். 121 முதல் 200 வரை ஐவர். பிள்ளைகளின் எண்ணிக்கை 150-ஐத் தாண்டினால்தான் ஐந்து ஆசிரியர்களோடு தனியாக ஒரு தலைமையாசிரியர் உண்டு. அதாவது, வகுப்பு எடுக்கும் பொறுப்பிலிருந்து விடுபட்ட தலைமையாசிரியர் என்ற ஏற்பாட்டைச் சட்டமே சிறிய பள்ளிக்குத் தரவில்லை. தமிழ்நாட்டில் ஈராசிரியர் பள்ளியிலும் தலைமையாசிரியர் பணியிடம் உண்டு என்பது உண்மை. ஆனால் அவர் அந்த இரண்டு பேரில் ஒருவராகவே கணக்கிடப்படுகிறார். மாணவர் எண்ணிக்கையை வைத்து ஆசிரியர் தேவையைக் கணக்கிடும் முறை பெரிய பள்ளிக்குப் பொருந்தும். பிள்ளைகள் நாற்பது பேரே ஆனாலும் வகுப்புகள் ஐந்து என்பதையும், ஐந்து வகுப்புகளுக்கும் தனித்தனிப் பாடநூல்கள் இருப்பதையும் அந்தக் கணக்கு பார்ப்பதில்லை.

அதே சட்டத்தின் 27-ஆம் பிரிவு, பத்தாண்டுக்கு ஒருமுறை நடக்கும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் பணிகள் ஆகியவை தவிர வேறு கல்விசாராப் பணிகளுக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாது என்கிறது. தேர்தல் என்ற அந்த ஒரு சொல்லுக்குள் எவ்வளவு வேலை அடங்கும் என்பது வாக்குச்சாவடி நிலை அலுவலராக இருந்த ஆசிரியருக்குத் தெரியும். 2025 நவம்பரில் தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியபோது, படிவங்களோடு வீடு வீடாகச் சென்றவர்களில் ஆசிரியர்களும் இருந்தார்கள். இருபது ஆசிரியர்கள் உள்ள பள்ளியில் இருவர் வெளியே போனால் நேரப் பட்டியலை மாற்றி எழுதிச் சமாளிக்கலாம். இருவர் மட்டுமே உள்ள பள்ளியில் ஒருவர் போனால் அன்று அது ஓராசிரியர் பள்ளி. 2024-25 கல்வியாண்டின் அரசுக் கணக்குப்படி நாடு முழுவதும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஓராசிரியர் பள்ளிகள் உள்ளன. ஒருவர் விடுப்பில், பயிற்சியில், மாற்றுப்பணியில் இருக்கும் நாட்களில் மட்டும் ஓராசிரியர் பள்ளியாகிவிடும் பள்ளிகள் அந்தக் கணக்கில் சேருவதில்லை.

ஒரு நாளின் கணக்கு

2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25 அன்று திருக்குவளையிலிருந்து எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிவாக்கப்பட்ட காலை உணவுத் திட்டத்தை நான் முழு மனத்தோடு வரவேற்றேன், இன்றும் வரவேற்கிறேன். வெறும் வயிற்றோடு வந்து இறைவணக்கக் கூட்டத்தில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்ட பிள்ளைகளைத் தூக்கிச் சென்றவள் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். அந்தத் திட்டம் வந்த பிறகு பிள்ளைகள் நேரத்தோடு வந்தார்கள். கிராமத்தில் சமைப்பவர்கள் மகளிர் சுய உதவிக் குழுவினர், ஆசிரியர் சமைப்பதில்லை. ஆனாலும் உப்புமா சரியாக வெந்திருக்கிறதா, எத்தனை பேர் சாப்பிட்டார்கள், சமைப்பவர் வராத நாளில் என்ன செய்வது என்பதெல்லாம் கடைசியில் தலைமையாசிரியரின் வாசலுக்குத்தான் வரும். அவருடைய நாள் மணி அடிப்பதற்கு வெகு முன்பே தொடங்கிவிடுகிறது.

பிறகு வருகைப் பதிவு. எமிஸ் என்ற கல்வித்துறைத் தரவுத் தளத்தில் ஏற்றாவிட்டால் பள்ளி திறக்கவே இல்லை என்பது போல அலுவலகத்திலிருந்து அழைப்பு வரும். மதியம் சத்துணவைச் சுவைத்துப் பார்த்து ஒப்பமிட வேண்டும். விலையில்லாப் பாடநூல், குறிப்பேடு, சீருடை, காலணி, புத்தகப்பை எல்லாம் வந்து இறங்குவதும் எண்ணி வாங்குவதும் கையெழுத்துப் பெற்று வழங்குவதும் அளவு சரியில்லாத காலணியைத் திருப்பி அனுப்புவதும் இவர் வேலை. உதவித்தொகைக்காகப் பிள்ளைகளுக்கு வங்கிக் கணக்கு, ஆதார் திருத்தம், வருமானச் சான்று எனப் பெற்றோரை அலையவிடாமல் பார்த்துக்கொள்வதும் இவர் வேலை. குடிநீர்த் தொட்டியில் குளோரின் போட்ட தேதி, மின்கட்டண ரசீது, கழிவறை தூய்மை பற்றிய நிழற்படம், மழைக்கு முன் ஓட்டுக் கூரையைப் பார்வையிட்ட அறிக்கை. இவற்றில் எதையும் தேவையற்றது என்று நான் சொல்ல மாட்டேன். ஒவ்வொன்றின் பின்னாலும் எங்கோ ஒரு பிள்ளைக்கு நேர்ந்த ஒரு துயரம் இருக்கிறது. உயர்நிலைப் பள்ளியில் இந்த வேலைகளைப் பகிர்ந்துகொள்ள அலுவலகப் பணியாளர்கள் இருக்கிறார்கள். தொடக்கப் பள்ளியில் இவை அனைத்தும் கற்பிக்கும் நேரத்திலிருந்துதான் பிடித்தம் செய்யப்படுகின்றன.

தேசியக் கல்வித் திட்டமிடல் மற்றும் நிர்வாக நிறுவனம் 2018-இல் சில மாநிலங்களில் நடத்திய ஆய்வு, ஆசிரியர்களின் ஆண்டு வேலை நேரத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே நேரடிக் கற்பித்தலுக்குக் கிடைக்கிறது என்று கண்டது. தலைமையாசிரியரும் வகுப்பாசிரியரும் ஒருவராகவே இருக்கும் இடத்தில் நிலைமை என்னவாக இருக்கும் என்பதை நான் விளக்கத் தேவையில்லை.

எல்லாவற்றிலும் கொடியது வாட்ஸ்அப் குழு. காலை பதினொன்றே காலுக்கு ஒரு படிவம் வரும். பன்னிரண்டு மணிக்குள் நிரப்பி அனுப்ப வேண்டும் என்று கீழே எழுதியிருக்கும். அதே விவரம் போன மாதம் கொடுக்கப்பட்டிருக்கும், எமிஸிலும் இருக்கும். ஆனாலும் மாவட்டம் வட்டாரத்தைக் கேட்கிறது, வட்டாரம் பள்ளியைக் கேட்கிறது. மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று ஒற்றைக்கொம்பையும் காலையும் சேர்த்து 'கொக்கு' என்று முதன்முறையாகத் தடையில்லாமல் படித்துவிட்டு நிமிர்ந்து பார்க்கும் நொடியில் ஆசிரியரின் கண் அலைபேசியில் இருந்தால், அந்த நொடியை எந்தக் குறைதீர் கற்பித்தலாலும் திரும்பக் கொண்டுவர முடியாது. தலைமைப் பண்பு என்று நான் கற்றுக்கொண்டவற்றில் முதலாவது இதுதான்: முதல் இரண்டு பாடவேளைகளில் அலைபேசியை மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். அதற்காக வாங்கிய விளக்கக் கேட்பு ஒன்றும் உண்டு. கேட்டவர் பிறகு நேரில் வந்து வகுப்பைப் பார்த்துவிட்டு அதைப் பற்றிப் பேசாமலே போனார்.

இரண்டாவது நாற்காலி

பெரிய பள்ளியின் தலைமையாசிரியருக்கு ஆசிரியர் குழு என்று ஒன்று இருக்கும். ஒருவர் ஒத்துழைக்காவிட்டால் இன்னொருவரை வைத்து வேலையை நகர்த்தலாம். ஈராசிரியர் பள்ளியில் எல்லாமே அந்த இன்னொருவரின் மனத்தைப் பொறுத்தது. அவர் முகம் வாடினால் பள்ளியில் பாதி வாடிவிடும்.

அந்த இரண்டாவது நாற்காலியில் இருப்பவர் பெரும்பாலும் இடைநிலை ஆசிரியர். 2009 ஜூன் 1-க்குப் பிறகு பணியில் சேர்ந்தவராக இருந்தால், அவருக்கு முன் சேர்ந்தவரின் அடிப்படை ஊதியம் 8,370 ரூபாயாக இருந்த இடத்தில் அவருடையது 5,200 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. அந்த 3,170 ரூபாய் வேறுபாட்டுக்காக அவர்கள் சென்னையில் உண்ணாவிரதம் இருந்திருக்கிறார்கள். ஒவ்வோர் ஆண்டும் 'சம வேலைக்குச் சம ஊதியம்' என்ற பதாகையோடு திரும்பத் திரும்பக் கூடியிருக்கிறார்கள். சில நாட்கள் முன்பின்னாகச் சேர்ந்த காரணத்தால் ஒரே வேலைக்குக் காலமெல்லாம் குறைந்த சம்பளம் வாங்கும் ஒருவரிடம், பள்ளி நேரம் முடிந்தும் அரை மணி நேரம் இருந்து மெல்லக் கற்கும் பிள்ளைகளைப் பாருங்கள் என்று சொல்ல வேண்டிய நிலையில் தலைமையாசிரியர் இருக்கிறார். அவரிடம் ஊக்கத்தொகை கொடுக்கும் அதிகாரம் இல்லை. நல்ல ஆசிரியரைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரமும் இல்லை, தக்கவைக்கும் அதிகாரமும் இல்லை. பிள்ளைகளின் எண்ணிக்கைக்கு மிஞ்சிய ஆசிரியரை வேறு பள்ளிக்கு மாற்றும் பணிநிரவலில் உபரி என்று பெயர் வந்தால் அவர் போய்விடுவார். மாறுதல் கலந்தாய்வில் சொந்த ஊர்ப் பக்கம் இடம் கிடைத்தால் மகிழ்ச்சியோடு போய்விடுவார். அவர் போவதை நாம் வாழ்த்தத்தான் வேண்டும்.

ஆகவே இங்கே தலைமை என்பது பெரும்பாலும் நியாயமாக நடந்துகொள்வதுதான். கடினமான வகுப்பை யார் எடுப்பது என்பதில் அது தெரியும். பல பள்ளிகளில் தலைமையாசிரியர் நான்கு, ஐந்தை வைத்துக்கொண்டு, ஒன்று, இரண்டு, மூன்றை இளையவரிடம் தள்ளிவிடுவார். எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளைகளுக்கு வேலை கொடுத்துவிட்டுப் பதிவேடு எழுதலாம் என்பது காரணம். நானும் முதல் ஆண்டு அப்படித்தான் செய்தேன். அந்த ஆண்டு முடிவில் மூன்றாம் வகுப்பில் பாதிப் பேருக்கு எழுத்துக் கூட்டத் தெரியவில்லை என்பதைக் கண்டபோது குற்றம் என்னுடையது என்று புரிந்தது. தனியாக மூன்று வகுப்புகளோடு போராடியவரைக் குறை சொல்ல எனக்கு உரிமை இருக்கவில்லை. அடுத்த ஆண்டு கீழ் வகுப்புகளை நான் எடுத்துக்கொண்டேன். பதிவேடுகளை மாலையில் எழுதினேன். அலுவலகக் கண்ணுக்கு என் பள்ளி அந்த ஆண்டு மெத்தனமான பள்ளியாகத் தெரிந்திருக்கும்.

அந்த ஆண்டில்தான் ஒரு சாதாரண நாற்பது பக்க நோட்டில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, எந்த எழுத்து வரை தெரிகிறது, எந்தக் குறியில் தடுமாறுகிறது, கழித்தலில் கடன் வாங்கத் தெரிகிறதா என்று இருவரும் எழுதத் தொடங்கினோம். யாரும் கேட்காத பதிவேடு அது ஒன்றுதான்.

ஐந்து வகுப்பும் இரண்டு பேரும்

பல வகுப்புகளை ஒன்றாக அமர்த்திக் கற்பிப்பது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 2003-இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் தொடங்கி, 2007-08-இல் மாநிலம் முழுவதும் சென்ற செயல்வழிக் கற்றல் இந்த உண்மையை நேர்மையாக ஏற்றுக்கொண்ட முறை. ஆந்திரத்தின் ரிஷிவேலி கிராமப் பள்ளிகளிலிருந்து வந்த அட்டைகளும் ஏணிப்படிகளும், பிள்ளை உட்கார்ந்தபடியே எழுதுவதற்கான தாழ்வான கரும்பலகையும் ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் போகலாம் என்றன. அதில் குறைகள் இருந்தன. அட்டைகள் கிழிந்தன, தொலைந்தன, குழு ஒன்றில் பிள்ளை ஒன்று மாதக்கணக்கில் ஒரே படியில் நின்றது. ஆனாலும் சிறிய பள்ளிக்கு ஏற்ற முறை அதுதான் என்று இன்றும் நினைக்கிறேன். பிறகு அது எளிமைப்படுத்தப்பட்டது. முப்பருவ முறையும் தொடர் மதிப்பீடும் வந்தன. 2018 முதல் புதிய பாடநூல்கள் வந்தன. கொரோனாவுக்குப் பின் 2021 அக்டோபரில் தன்னார்வலர்கள் மாலையில் கற்பிக்கும் இல்லம் தேடிக் கல்வியும், 2022 ஜூனில் கீழ் வகுப்புகளுக்கு அடிப்படை எழுத்தும் கணக்கும் கற்பிக்கும் எண்ணும் எழுத்தும் திட்டமும் வந்தன. எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகள் அரும்பு, மொட்டு, மலர் என நிலைவாரியாக அமர்ந்தார்கள். சுற்றிச் சுற்றி அது பழைய உண்மைக்கே திரும்பி வந்தது: பிள்ளை எந்த வகுப்பில் இருக்கிறது என்பதைவிட எந்த நிலையில் இருக்கிறது என்பதே முக்கியம்.

அந்தத் திட்டத்துக்கான தேவை உண்மையானது. ஊரகக் குடும்பங்களில் எடுக்கப்படும் ஏசர் என்ற கற்றல் நிலை ஆய்வின்படி, தமிழ்நாட்டில் இரண்டாம் வகுப்பு நிலைப் பத்தியைப் படிக்கத் தெரிந்த மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் 2018-இல் 10.2 விழுக்காடாக இருந்தது, 2022-இல் 4.8 விழுக்காடாகக் குறைந்தது. 2024-இல் அது மீண்டும் ஏறியது. அந்த ஏற்றத்தில் வகுப்பறைகளின் உழைப்பு இருக்கிறது என்பதில் எனக்கு ஐயமில்லை.

இருபது ஆண்டுகளுக்குள் இத்தனை மாற்றங்களைப் பார்த்த ஒரு தலைமையாசிரியர் என்ன செய்ய வேண்டும்? புதியது வரும்போதெல்லாம் பழையதை மூட்டைகட்டிப் பரணில் போடுவதுதான் நடைமுறை. நான் பார்த்த நல்ல தலைமையாசிரியர்கள் வேறு மாதிரிச் செய்தார்கள். எண்ணும் எழுத்தும் கையேட்டை வைத்துக்கொண்டே பழைய அட்டைகளில் பயன்படுபவற்றை எடுத்து அரும்பு நிலைக்குக் கொடுத்தார்கள். தாழ்வான கரும்பலகையை அழிக்காமல் வைத்திருந்தார்கள். மேலிருந்து வருவதைத் தம் பிள்ளைகளின் அளவுக்கு வெட்டித் தைக்கும் இந்தத் திறமையைக் கற்பித்தல் தலைமை என்று கையேடுகள் அழைக்கின்றன. அதற்கு முதலில் தேவைப்படுவது, தம் பள்ளிக்கு எது பொருந்தும் என்று தீர்மானிக்கும் உரிமை தமக்கு உண்டு என்ற நம்பிக்கை. எல்லாப் பள்ளியிலும் ஒரே நாளில் ஒரே பக்கம் நடக்க வேண்டும் என்று பார்வையாளர் எதிர்பார்க்கும்போது அந்த நம்பிக்கை சுருங்கிவிடுகிறது.

தலைமையாசிரியர் ஆகும் வழி

தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியர் பணியிடம் பணிமூப்பின் அடிப்படையில் பதவி உயர்வாக நிரப்பப்படுகிறது. இதைக் குறை சொல்வது எளிது. ஆனால் பணிமூப்பு ஒரு பெரிய தீமையிலிருந்து நம்மைக் காத்திருக்கிறது. பிரேசிலில் சியாரா மாநிலத்தின் சொப்ரால் நகராட்சியில் பள்ளித் தலைவர் பதவி உள்ளூர் அரசியல்வாதிகள் பார்த்துக் கொடுப்பதாக இருந்தது. 2001-இல் அதை மாற்றித் தகுதித் தேர்வு வைத்துத் தேர்ந்தெடுக்கத் தொடங்கியதும், கீழ் வகுப்புப் பிள்ளைகளின் வாசிப்பையே முதல் இலக்காக்கியதும் சேர்ந்து, 2017-இல் அந்நாட்டின் தொடக்கக் கல்வித் தரப்பட்டியலில் அந்த ஏழை நகரத்தை முதலிடத்துக்குக் கொண்டுவந்தன. நம் கிராமத்தில் தலைமையாசிரியர் யார் என்பதை எந்தக் கட்சிக்காரரும் முடிவு செய்வதில்லை. அந்தப் பெருமை பணிமூப்புப் பட்டியலுக்கு உரியது. அதன் விலை என்னவென்றால், பலர் தலைமையாசிரியர் ஆகும்போது ஓய்வுக்குச் சில ஆண்டுகளே இருக்கும். ஆவதற்கு முன் தலைமைப் பணிக்கான ஆயத்தம் எதுவும் அவருக்குக் கிடைத்திருக்காது.

இப்போது அந்த வழியும் அடைபட்டிருக்கிறது. 2023 டிசம்பரில் வெளியான 243-ஆம் எண் அரசாணை, ஊராட்சி ஒன்றிய அளவில் இருந்த பணிமூப்பை மாநில அளவுக்கு மாற்றியது. பதவி உயர்வு வந்தால் தொலைவில் உள்ள மாவட்டத்துக்குப் போக வேண்டியிருக்கும் என்ற நிலையில், குடும்பத்தையும் பெற்றோரையும் விட்டுப் போக முடியாத பெண் ஆசிரியர்கள் பதவி உயர்வையே வேண்டாம் என்று எழுதிக்கொடுக்க நேரும் என்று ஆசிரியர் இயக்கங்கள் போராடின. மறுபுறம், பதவி உயர்வுக்கு ஆசிரியர் தகுதித் தேர்வு தேவையா என்ற வழக்கு. 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம், ஓய்வுக்கு ஐந்தாண்டுக்கு மேல் இருக்கும் ஆசிரியர்கள் இரண்டு ஆண்டுகளுக்குள் தகுதித் தேர்வில் தேற வேண்டும் என்றும், அதற்குக் குறைவாக இருப்பவர்கள் பணியில் தொடரலாம், ஆனால் தேறாமல் பதவி உயர்வு பெற முடியாது என்றும் தீர்ப்பளித்தது. இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் வகுப்பெடுத்த ஆசிரியர்கள் மீண்டும் தேர்வுக்குப் படிக்கத் தொடங்கினார்கள்.

வழக்குகளின் சரி தவறு பற்றி இங்கே நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. பள்ளியில் அதன் விளைவு என்ன என்பதே இந்த ஆய்வுக்குரியது. தலைமையாசிரியர் ஓய்வுபெற்றால் அந்த இடம் காலியாகவே இருக்கும்; மீதமிருக்கும் ஒருவர் 'பொறுப்பு' தலைமையாசிரியர் ஆவார். பொறுப்பில் இருப்பவருக்குத் தலைமையாசிரியரின் வேலை முழுவதும் உண்டு; ஊதியமும் இல்லை, நிலையும் இல்லை. இன்று வந்து நாளை போகக்கூடியவர் என்று ஊரும் அலுவலகமும் அவரை நினைக்கின்றன. சில மாதங்களில் அவரும் அப்படியே நினைக்கத் தொடங்குகிறார். 2022-இல் 13,331 காலிப் பணியிடங்களைப் பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிகமாக நிரப்ப அரசு ஆணையிட்டபோது, இடைநிலை ஆசிரியருக்கு மாதம் 7,500 ரூபாய் என்று குறிக்கப்பட்டது. படித்துவிட்டு வேலையில்லாமல் இருந்த பெண்கள் அந்தத் தொகைக்கும் வந்தார்கள், மனமுவந்து வேலை செய்தார்கள். அவர்களை வைத்துத்தான் எத்தனையோ பள்ளிகள் அந்த ஆண்டைக் கடந்தன.

பணமும் பெற்றோரும்

ஒருங்கிணைந்த பள்ளிக்கல்வித் திட்டத்தில் நூறு பிள்ளைகளுக்குள் உள்ள பள்ளிக்கு வரும் ஆண்டு மானியம் அதிகம் போனால் 25,000 ரூபாய். அதில் சுண்ணாம்பு அடிக்கலாம், மின்விசிறி மாற்றலாம், துடைப்பமும் பினாயிலும் வாங்கலாம். மீதி இருந்தால் கதைப் புத்தகம். 2024-25-ஆம் ஆண்டுக்கு இத்திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய 2,152 கோடி ரூபாயை, பி.எம்.ஸ்ரீ என்ற மாதிரிப் பள்ளித் திட்டத்துக்கான ஒப்பந்தத்தில் மாநிலம் கையெழுத்திடாததால் ஒன்றிய அரசு விடுவிக்காமல் நிறுத்தியது. உச்ச நீதிமன்றம் வரை போன அந்தப் பிரச்சினை, ஓட்டுக் கூரைக்குக் கீழே இருப்பவருக்கு மானியம் எப்போது வரும் என்ற கேள்வியாகவே வந்து சேர்ந்தது.

கல்வி உரிமைச் சட்டத்தின்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர். உறுப்பினரில் பாதிப் பேர் பெண்கள். தமிழ்நாட்டில் 2022-இல் குழுக்கள் மறுகட்டமைப்புச் செய்யப்பட்டபோது தலைவராக ஒரு தாயே இருக்க வேண்டும் என்றானது. காகிதத்தில் இதைவிட நல்ல ஏற்பாட்டை நினைக்க முடியாது. நடைமுறையில் நூறு நாள் வேலைக்கும் களை எடுக்கவும் போகும் ஒரு தாய், ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுக் கூட்டத்துக்கு வர வேண்டும். வந்தாலும் முதல் சில கூட்டங்களில் "நீங்க சொன்னா சரிதான் டீச்சர்" என்பதற்கு மேல் பேச மாட்டார். தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்தை வாங்கிக்கொண்டு அனுப்பிவிடலாம். பலர் அப்படித்தான் செய்கிறார்கள், காலம் மிச்சம்.

நான் கண்ட மாற்றம் ஒரு சின்ன இடத்திலிருந்து தொடங்கியது. கூட்டத்தை வேலை முடிந்து திரும்பும் மாலை நேரத்துக்கு மாற்றி, தீர்மானங்களைப் படிப்பதற்கு முன் அந்தந்தத் தாயின் பிள்ளையை எழுப்பி ஒரு பத்தி படிக்கச் சொன்னோம். தடுமாறிய பிள்ளையின் தாய் வீட்டுக்குப் போகாமல் நின்றார். "எங்க சின்னவனுக்கு ஏன் டீச்சர் வரல?" என்று அவர் கேட்ட கேள்விதான் அந்தக் குழுவின் உண்மையான முதல் கூட்டம். பிறகு குடிநீர்க் குழாய்க்காக ஊராட்சி மன்றத் தலைவரிடம் போய் நின்றவர்களும், கிராம சபையில் சுற்றுச்சுவர் பற்றிப் பேசியவர்களும் அவர்களே. தனியார் பள்ளி வேன் ஊருக்குள் வந்து நிற்கும் காலத்தில், ஜூன் மாதச் சேர்க்கைப் பேரணியைவிட அந்தத் தாய்மார்கள் குழாயடியில் பேசியதுதான் எங்கள் பள்ளிக்கு ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளைக் கொண்டுவந்தது. சேர்க்கை குறைந்தால் ஆசிரியர் பணியிடம் உபரியாகும் என்ற அச்சத்தோடு வாழும் பள்ளிக்கு இது சிறிய விஷயம் அல்ல.

மத்தியப் பிரதேசத்தில் நடந்தது

சிறிய பள்ளிகளின் தலைமையை மேம்படுத்த வேண்டும் என்றவுடன் துறைகள் வழக்கமாகக் கையில் எடுப்பது இரண்டு கருவிகளை: தரமதிப்பீடும் பள்ளி மேம்பாட்டுத் திட்டமும். மத்தியப் பிரதேசத்தில் சாலா சித்தி என்ற பெயரில் இது மிகுந்த கவனத்தோடு வடிவமைக்கப்பட்டது. பள்ளிகள் மதிப்பிடப்பட்டன, ஒவ்வொரு பள்ளிக்கும் அதன் குறைகளுக்கேற்ற மேம்பாட்டுத் திட்டம் எழுதப்பட்டது, தொடர்ந்து மேற்பார்வையும் இருக்கும் என்று திட்டமிடப்பட்டது. பொருளியலாளர்கள் கார்த்திக் முரளிதரனும் அபிஜித் சிங்கும் குலுக்கல் முறையில் பள்ளிகளைப் பிரித்து இதை ஆராய்ந்தபோது, மதிப்பீடுகள் ஒழுங்காக நடந்ததையும் திட்டங்கள் எழுதப்பட்டதையும் கண்டார்கள். ஆனால் ஆசிரியர் வருகையிலோ கற்பித்தலிலோ பிள்ளைகளின் கற்றலிலோ எந்த மாற்றமும் இல்லை. அப்படியிருந்தும் இந்த மாதிரி வெற்றியாகக் கருதப்பட்டு, நாடு முழுவதும் ஆறு லட்சம் பள்ளிகளுக்கு எடுத்துச் செல்லப்பட்டது.

எனக்கு இந்த முடிவு வியப்பளிக்கவில்லை. மேம்பாட்டுத் திட்டம் எழுதுவது எப்படி என்று எந்தத் தலைமையாசிரியருக்கும் தெரியும். எழுதியபடி செய்வதற்கு ஆள் வேண்டும், நேரம் வேண்டும், செய்தோமா இல்லையா என்று அன்போடு வந்து கேட்க ஒருவர் வேண்டும். வட்டாரக் கல்வி அலுவலர் அப்படிப்பட்டவராக இருக்கலாம். ஆனால் அவர் கையில் பல பத்துப் பள்ளிகள் இருக்கின்றன, அவர் மேசையிலும் அதே படிவங்கள்தான். 2018-இல் தொடக்கக் கல்விக்கென இருந்த மாவட்ட நிர்வாகத்தைக் கலைத்து ஒன்றாக்கிவிட்டு, 2022-இல் மீண்டும் தனியாகப் பிரித்தார்கள். மேலே பெயர்ப்பலகைகள் மாறிய அந்த நான்கு ஆண்டுகளில், பள்ளிக்கு வந்து ஒரு மணி நேரம் பின்வரிசையில் உட்கார்ந்து பாடம் கேட்டுவிட்டுப் போன அதிகாரி என் நினைவில் ஒருவரே. அவர் கடைசியில் எங்கள் நோட்டைக் கேட்டு வாங்கி, நின்றபடியே முழுவதும் படித்தார்.

எட்டு நாடுகளில் 1,800-க்கும் மேற்பட்ட பள்ளிகளின் மேலாண்மையை அளந்த ஓர் உலக ஆய்வில் இந்தியா கடைசி இடத்தில் வந்ததைப் பயிற்சி வகுப்புகளில் திரும்பத் திரும்பக் காட்டுவார்கள். அந்த ஆய்வு பதினைந்து வயதுப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளைப் பற்றியது. அது அளந்தவற்றில் ஆசிரியரைத் தேர்ந்தெடுப்பதும் பாராட்டுவதும் நீக்குவதும் அடங்கும். அந்த அதிகாரங்களைக் கொடுக்காமல் வைத்துவிட்டு, அவற்றைப் பயன்படுத்தவில்லை என்று தலைமையாசிரியருக்கு மதிப்பெண் குறைப்பது நியாயமாகாது. அவை முழுவதும் வேண்டும் என்றும் நான் கேட்க மாட்டேன். என் கோரிக்கைகள் எளியவை. அருகருகே உள்ள பள்ளிகளைச் சேர்த்த குறுவளமையத்துக்கு ஓர் எழுத்தர் வேண்டும்; ஏழெட்டுப் பள்ளிகளின் எமிஸ், உதவித்தொகை, படிவ வேலைகளை அவர் சுற்றிவந்து பார்க்கட்டும். அதே குறுவளமையத்துக்கு ஒரு மாற்று ஆசிரியர் வேண்டும். விடுப்பும் பயிற்சியும் தேர்தல் பணியும் வரும்போது எந்தப் பள்ளியும் ஒருவரோடு நிற்கக் கூடாது. ஆசிரியர் தேவையைக் கணக்கிடும்போது பிள்ளைகளின் தலையோடு வகுப்புகளின் எண்ணிக்கையையும் எண்ண வேண்டும். தலைமையாசிரியர் காலிப் பணியிடம் ஒரு பருவத்துக்கு மேல் பொறுப்பில் ஓடக் கூடாது. மேலும் முற்பகல் பாடவேளைகளில் எந்த அலுவலகமும் பள்ளியை எந்த விவரமும் கேட்கக் கூடாது என்று ஓர் ஆணை போதும். அதற்குச் செலவே இல்லை.

ஒப்படைப்பு

நான் ஓய்வுபெற்ற நாளில் பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியல் தயாரித்தோம். மரமேசை இரண்டு, இரும்பு அலமாரி ஒன்று, நாற்காலிகள், மடிக்கணினி, தொலைக்காட்சி, எடைபார்க்கும் கருவி, முதலுதவிப் பெட்டி, சேர்க்கைப் பதிவேடு, ரொக்கப் பதிவேடு, தீர்மானப் புத்தகம், வங்கிக் கணக்குப் புத்தகம், சாவிகள் ஏழு. எல்லாவற்றுக்கும் நேரே எண்ணிக்கையும் நிலையும் எழுதி இருவரும் ஒப்பமிட்டோம். எனக்குப் பதிலாக யாரும் வரவில்லை. உடன் பணிபுரிந்த ஆசிரியையே பொறுப்பேற்றார். படிவத்தில் எந்தப் பத்தியிலும் இடமில்லாததால் அந்த நாற்பது பக்க நோட்டைப் பட்டியலில் சேர்க்க முடியவில்லை. கையெழுத்துகள் முடிந்து முத்திரை வைத்த பிறகு, அதைத் தனியாக அவர் கையில் கொடுத்தேன். அவர் அதை அலமாரியில் வைக்கவில்லை, கைப்பையில் வைத்துக்கொண்டார். திங்கட்கிழமை காலை ஐந்து வகுப்புகளும் அவருடையவை.